ஒன்பது நாளில் ஒரு வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட என்ன தகுதி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். படிப்பு, நல்ல வேலை, தலைமைப் பண்பு என்று அடுக்குவார்கள். சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 44ஆம் பிரிவைத் திறந்தால் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குடியுரிமை வேண்டும். வேட்புமனு நாளில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அன்றைய தேதியில் இங்கே வசிப்பவராகவும், அதற்கு முன் மொத்தம் 10 ஆண்டுக்குக் குறையாமல் இங்கே வாழ்ந்தவராகவும் இருக்க வேண்டும். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நான்கில் ஒன்று போதும் என்பதைக் கவனியுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரும் சட்டப்படி வேட்பாளராகலாம், வென்றால் அவையில் தமிழிலேயே பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. நடைமுறையில் அப்படி ஒருவர் வருவது அரிது என்றாலும், நம் மொழிக்கு அந்த இடம் எழுத்தில் இருக்கிறது.

வாக்காளர் பதிவேட்டு நிபந்தனையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இங்கே வாக்களிப்பது கட்டாயம். சென்ற தேர்தலில் வாக்களிக்காதவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். ஏற்கத்தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர்க்க முடியும். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு விழித்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். அரசியலில் இறங்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைத்தான்.

45ஆம் பிரிவு யாரெல்லாம் கூடாது என்று சொல்கிறது. கடனில் நொடித்து இன்னும் விடுவிக்கப்படாதவர், மனநிலை சரியில்லை என்று அறிவிக்கப்பட்டவர், தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், முந்தைய தேர்தலின் செலவுக் கணக்கைச் சட்டப்படி ஒப்படைக்கத் தவறியவர் ஆகியோர் அதில் வருவார்கள். குற்றவாளி எனத் தீர்ப்பாகி ஓராண்டுக்குக் குறையாத சிறையோ குறிப்பிட்ட தொகைக்குக் குறையாத அபராதமோ பெற்றவரும் ஐந்தாண்டுக்கு நிற்க முடியாது. அந்த அபராதத் தொகை நெடுங்காலம் 2,000 வெள்ளியாக இருந்தது. 2022இல் அதை 10,000 வெள்ளியாக உயர்த்தினார்கள்.

இந்த ஒற்றை எண் எவ்வளவு கனமானது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்ற, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம், 1986இல் 5,000 வெள்ளி அபராதமும் ஒரு மாதச் சிறையும் பெற்றார். சிறைக்காலம் வரம்புக்குள்தான் இருந்தது. அபராதம் அன்றைய 2,000 வெள்ளி வரம்பைத் தாண்டியதால் பதவி பறிபோயிற்று. 2025 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சித் தலைவர் பிரித்தம் சிங், நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி, மொத்தம் 14,000. "பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டதே, எப்படி நிற்க முடியும்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். சட்டம் ஒவ்வொரு குற்றத்துக்குமான தண்டனையைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, கூட்டிப் பார்ப்பதில்லை. மே மாதத் தேர்தலில் அவர் அல்ஜூனிட் குழுத்தொகுதியில் (பலரை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) நின்றார், வென்றார். சட்டம் அவரை உள்ளே விட்டது. அந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அல்ஜூனிட் வாக்காளர்கள் முடிவு செய்தார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது வேட்புமனு நாள். பள்ளி மண்டபம், மேசை, சுவர்க் கடிகாரம். மனு தர நேரம் காலை 11 மணி முதல் நண்பகல் 12 வரை, சரியாக ஒரு மணி நேரம். வேட்பாளரோடு முன்மொழிபவர், வழிமொழிபவர், குறைந்தது நான்கு ஆதரவாளர்கள் வேண்டும். இந்த ஆறு பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கத்துத் தொகுதிக்காரர் ஒருவர் தவறிக் கையெழுத்திட்டிருந்தால் மனு ஆட்டம் காணும். தொகுதி எல்லைகள் மாற்றப்படும்போது இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். வீடு மாறாமலேயே தொகுதி மாறியிருக்கும். ஆகவே ஆதரவாளர் ஒவ்வொருவரின் பெயரையும் புதிய பதிவேட்டில் சரிபார்ப்பது முதல் வேலை. அரசியல் நன்கொடைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். குழுத்தொகுதி என்றால் சிறுபான்மை வேட்பாளருக்கு மலாய்ச் சமூகக் குழுவோ இந்திய, பிற சிறுபான்மைச் சமூகங்கள் குழுவோ தந்த சான்றிதழும் வேண்டும். அவர் அந்தச் சமூகத்தவர் என்பதற்கு மேல் அந்தச் சான்றிதழ் எதையும் சொல்லாது. மற்றவர்கள் மனுக்களைப் பார்த்து ஆட்சேபம் எழுப்ப 12.30 வரை நேரம் உண்டு.

இந்த ஒரு மணி நேரத்தில் தேர்தலே முடிந்துபோன தொகுதிகள் உண்டு. 2001இல் அல்ஜூனிட்டில் பாட்டாளிக் கட்சி அணியின் மனுவில் தொகுதியின் பெயரையே எழுதாமல் விட்டுவிட்டார்கள். மனு தள்ளுபடி. 2011இல் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் சுயேச்சை அணி ஒன்று 35 வினாடி தாமதமாக மனு கொடுத்தது. அதுவும் தள்ளுபடி. திரு லீ குவான் யூவின் அணி போட்டியின்றி வென்றது. 1991இல் அந்தக் குழுத்தொகுதி உருவானதிலிருந்து 2015 வரை அங்கு வாக்குப்பதிவே நடக்கவில்லை.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் நாட்டை எப்படி நடத்துவார்கள் என்று கேட்பது எளிது. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது: ஒரு மாதத்துக்குள் தாள்களைத் தயார் செய்து, வேறொருவரைக்கொண்டு சரிபார்த்து, அரை மணி முன்னதாக வந்து நிற்கும் ஒழுங்கு, குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தை நடத்தவும் தேவைப்படும். ஆனால் 35 வினாடிக்கான விலையைக் கொடுத்தது அந்த அணி மட்டுமா? ஒரு குழுத்தொகுதி முழுக்க இருந்த வாக்காளர்கள் தங்கள் வேட்பாளர்களை எடைபோடும் வாய்ப்பை இழந்தார்கள். 2025இல் மரீன் பரேட்-பிராடல் ஹைட்ஸில் போட்டியாளர் யாரும் மனு தராததால் 130,000க்கும் மேற்பட்டோருக்கு வாக்குச்சீட்டே கிடைக்கவில்லை. வென்ற ஐவரும் திறமைசாலிகளாக இருக்கலாம். ஆனால் வாக்குச்சீட்டில் அது சோதிக்கப்படவில்லை.

வைப்புத்தொகை 2025இல் ஆளுக்கு 13,500 வெள்ளி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு, கிடைக்காவிட்டால் திரும்பாது. தெம்பனிசில் நான்கு அணிகள் மோதின. ஐந்து பேர் கொண்ட அணிக்கு 67,500 வெள்ளி. தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி, மக்கள் சக்திக் கட்சி அணிகள் இரண்டும் சேர்ந்துகூட ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. விளையாட்டாக நிற்பவரைத் தடுக்கத்தான் இந்தத் தொகை. பணமுள்ளவர் விளையாட்டாக நின்றால் அதனால் தடுக்க முடியாது, பணமில்லாதவர் உண்மையாகவே நிற்க விரும்பினாலும் அது தடுக்கும். ஆகவே வைப்புத்தொகையைத் தகுதிக்கான அளவுகோலாக நான் எண்ணுவதில்லை.

மாறாக அதிபர் தேர்தலில் வாசலிலேயே வடிகட்டி இருக்கிறது. வயது 45 நிறைந்திருக்க வேண்டும், எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது. அமைச்சர், தலைமை நீதிபதி, நிரந்தரச் செயலாளர் போன்ற பதவியில் மூன்றாண்டு இருந்திருக்க வேண்டும். தனியார் துறை என்றால் பங்குதாரர்களின் மூலதனம் சராசரியாக 500 மில்லியன் வெள்ளி உள்ள, இலாபத்தில் இயங்கும் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக மூன்றாண்டு இருந்திருக்க வேண்டும். ஆறு பேர் கொண்ட அதிபர் தேர்தல் குழு இதையெல்லாம் பார்த்துத் தகுதிச் சான்றிதழ் தரும். நேர்மை, நன்னடத்தை, நற்பெயர் பற்றியும் அந்தக் குழுவே திருப்தி அடைய வேண்டும். 2017இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில் இந்தத் தகுதியோடு எஞ்சியவர் ஹலிமா யாக்கோப் ஒருவரே. வாக்குப்பதிவு நடக்கவில்லை. 2023இல் மூவர் நின்றார்கள். தர்மன் சண்முகரத்னம் 70.41 விழுக்காடு பெற்றார்.

500 மில்லியன் வெள்ளி நிறுவனத்தை நடத்தியவருக்குப் பெரிய கணக்குகளைப் படிக்கத் தெரியும் என்று நம்பலாம். நாட்டின் சேமிப்பைக் காக்கும் பொறுப்புள்ள பதவிக்கு அது பொருத்தமான கேள்விதான். ஆனால் அமைச்சரவை கேட்கும்போது ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்குமா என்பதை எந்த இருப்புநிலைக் குறிப்பும் காட்டாது. வடிகட்டி எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவுக்கு மக்களின் கையில் எஞ்சும் தேர்வு குறைகிறது. நாடாளுமன்றத்துக்கு அப்படி ஒரு வடிகட்டி வைக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த இடத்தைக் கட்சிகள் நிரப்புகின்றன. ஆளும் மக்கள் செயல் கட்சியின் (மசெக) தேநீர்ச் சந்திப்புகள் ஊரறிந்தவை: சிறு குழுவாக அழைத்துப் பேசுவார்கள், பிறகு நேர்காணல், அதன் பிறகும் பல சுற்றுகள். லீ குவான் யூ காலத்தில் உளவியல் சோதனைகளும் உண்டு. ஷெல் எண்ணெய் நிறுவனம் அதிகாரிகளை எடைபோடும் முறையையும் அவர் விரும்பி எடுத்துக்கொண்டார்: பகுத்தாயும் ஆற்றல், கற்பனை வளம், நடைமுறை உணர்வு. இவ்வளவு சலித்தும் தவறுகிறது. 2020 ஜூன் 24ஆம் தேதி அறிமுகமான ஒரு மசெக வேட்பாளர், அவருடைய பழைய நடத்தை பற்றி இணையத்தில் எழுந்த குறைகளையடுத்து 27ஆம் தேதி விலகினார். மேலதிகாரியிடம் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைத் தேநீர் மேசையில் பார்க்கலாம். கீழே வேலை செய்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். குறை சொன்னவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்களா என்பதை மூன்று நாளில் யாரும் தீர விசாரித்திருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழுத்தொகுதிக்கு வருவோம், சிக்கலே அங்கேதான். 1988இல் மூவர் அணியாகத் தொடங்கிய முறை இன்று நால்வர், ஐவர் அணியாக நிற்கிறது. 2025இல் 97 இடங்களில் 15 மட்டுமே தனித்தொகுதி. வாக்குச்சீட்டில் ஐந்து முகங்கள் ஒரே கட்டத்தில் இருக்கும், முத்திரை ஒன்றுதான். நால்வரைப் பிடித்து ஒருவரைப் பிடிக்காவிட்டால் அதைச் சொல்ல அந்தச் சீட்டில் வழியில்லை. வெல்லும் வாய்ப்பு ஓரளவு உறுதியாக இல்லாவிட்டால் திறமையான இளையர்கள் வேலையை விட்டு அரசியலுக்கு வரத் தயங்குவார்கள் என்ற கருத்தை 2006இல் முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் வெளிப்படையாகவே சொன்னார். மறுபக்கமும் உண்டு. 2011இல் அல்ஜூனிட்டில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ அணியோடு சேர்ந்தே தோற்றார். அவரைத் தனியாக நிறுத்தியிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பதை அந்த வாக்குச்சீட்டால் சொல்ல முடியாது. சோதிக்கப்படாதவர் உள்ளே போவதும் சோதித்துத் தேறியவர் வெளியே வருவதும் ஒரே வாசல் வழியாகத்தான்.

யார் எங்கே நிற்கிறார் என்பதே சில வேளை கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. 2025 ஏப்ரல் 23 காலையில்தான் துணைப் பிரதமர் கான் கிம் யோங் பொங்கோலில் நிற்கப்போவது வெளியானது. வாக்களிப்பு மே 3. இடையில் மே 2 பிரசார ஓய்வு நாள். அதைக் கழித்தால் கையில் இருப்பது ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளை எப்படிச் செலவிடுவது? பேரணிக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளலாம். அங்கே பேச்சாற்றல் தெரியும், கூட்டத்தின் சூடு தெரியும். பதவியில் இருந்தவர் மறுபடி நிற்கிறார் என்றால் நாடாளுமன்றப் பதிவேட்டை முதலில் பாருங்கள். இணையத்தில் பெயர் போட்டுத் தேடினால் அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வரும். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமைச்சர் பதில் சொன்ன பிறகு துணைக்கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். எழுதி வைத்த கேள்வியை வேறு யாராவதுகூடத் தயாரித்துத் தரலாம். பதிலைக் கேட்டுவிட்டு அந்த இடத்திலேயே எழும் கேள்வி அவருடையது.

அடுத்து நகர மன்றம். இங்கே நாடாளுமன்ற உறுப்பினர் என்பவர் மின்தூக்கிக்கும் குப்பைத்தொட்டிக்கும் கூரைக் கசிவுக்கும் பொறுப்பானவர். தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கை ஐந்து துறைகளில் மதிப்பிடுகிறது: துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, சேவை பராமரிப்புக் கட்டண நிலுவை, நிர்வாக ஒழுங்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருக்கும். நிறத்தோடு நின்றுவிடாமல் தணிக்கை செய்த கணக்கையும் திறந்து பாருங்கள். மின்தூக்கி மாற்றவும் கூரை போடவும் ஒதுக்கி வைக்கும் நிதி ஒழுங்காகச் சேர்கிறதா, தணிக்கையாளர் ஏதாவது குறை எழுதியிருக்கிறாரா என்பது அதில் இருக்கும். இதைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

புதுமுகம் என்றால் இந்தத் தாள்கள் எதுவும் இருக்காது. அப்போது புளோக் நடைபாதையில் வீடு வீடாக வரும்போது கவனியுங்கள். கதவு திறக்கிறது, கை குலுக்கல், துண்டறிக்கை, புன்னகை. ஒரு மூதாட்டி சொல்கிறார்: "மகன் வீட்டுக்குப் பக்கத்துல வீடு கேட்டு எழுதிப் போட்டேன் தம்பி, இன்னும் பதிலே வரல." அங்கே மூன்று விதமான ஆளைப் பார்க்கலாம். "கண்டிப்பாப் பாத்துக்குறேன் ஆன்ட்டி" என்று நகர்பவர் ஒருவர். பக்கத்தில் இருக்கும் தொண்டரிடம் கைகாட்டுபவர் இன்னொருவர். மூன்றாமவர் எந்தத் திட்டத்தில் விண்ணப்பித்தீர்கள், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கடிதம் எப்போது வந்தது, மகன் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். விதி இடம் கொடுக்காவிட்டால் அதையும் நேராகச் சொல்வார். வாராவாரம் மக்கள் சந்திப்பில் அவர் செய்யப்போகும் வேலை இதுதான், அதை உங்கள் கண் முன்னே ஐந்து நிமிடம் செய்து காட்டுகிறார்.

நீங்களும் கேளுங்கள். ஒரே கேள்வி, எண்ணோடு பதில் வரவேண்டிய கேள்வி. பொருள் சேவை வரியைக் குறைப்போம் என்றால் அந்த வருமானத்துக்கு ஈடு எங்கிருந்து? குறைக்கக் கூடாது என்றால் கீழ்நிலை வருமானக் குடும்பத்துக்கு வரும் வழங்குதொகை எவ்வளவு? தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். சொன்னபடி திரும்ப வருகிறாரா என்பதற்குத்தான் மதிப்பெண்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. கட்சிகளின் தேர்தல் ஒளிபரப்பு நான்கு மொழிகளிலும் வருகிறது. ஒரே கட்சியின் ஆங்கில உரையையும் தமிழ் உரையையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாக்குறுதி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, தமிழில் பேசுபவர் தான் வாசிப்பதைப் புரிந்துகொண்டு வாசிக்கிறாரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம்மிடம் நம் மொழியில் பேச எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதும் தெரியும்.

கைப்பேசியில் சுற்றும் காணொளிகளில் எச்சரிக்கை வேண்டும். 2024 அக்டோபரில் இயற்றிய சட்டப்படி, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவோ செய்யாததைச் செய்ததாகவோ மின்னியல் முறையில் உருவாக்கிப் பரப்புவது தேர்தல் காலத்தில் குற்றம். பகிர்பவருக்கும் தண்டனை உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புமுன் முழு உரையைத் தேடிப் பாருங்கள்.

செலவுக் கணக்கும் ஒரு சோதனை, ஆனால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2025இல் வரம்பு வாக்காளர் ஒருவருக்கு 5 வெள்ளி. 30,000 வாக்காளர் உள்ள தனித்தொகுதியில் 150,000 வெள்ளி வரை செலவிடலாம். முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்களும் தர வேண்டும். அடுத்த தேர்தலில் அதே ஆள் நிற்கும்போது அந்தக் கணக்கு அவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

வென்ற பிறகு தகுதி இல்லை என்று தெரிந்தால்? தனித்தொகுதியில் இடம் காலியானால் இடைத்தேர்தல் வரும். ஹவ்காங்கில் 2012இலும், பொங்கோல் ஈஸ்டில் 2013இலும், புக்கிட் பாத்தோக்கில் 2016இலும் வந்தது. குழுத்தொகுதியில் ஒருவர் போனால் வராது. எஸ். ஈஸ்வரன் 2024 ஜனவரியில் பதவி விலகிய பிறகு வெஸ்ட் கோஸ்ட் வாக்காளர்கள் பொதுத்தேர்தல் வரை காத்திருந்தார்கள். தங்களுக்கு வேண்டாம் என்று தொகுதியே மனு போட்டு ஒருவரைத் திரும்ப அழைக்கும் முறை இங்கே கிடையாது. கட்சி நீக்கினால் இடம் போகும், மக்கள் நீக்க ஐந்தாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இது ஒரு குறை என்றே கருதுகிறேன். தோற்றவரில் நல்லவர் வீணாகாமல் இருக்க ஒரு வழி மட்டும் உண்டு: எதிர்க்கட்சியினர் 12 பேருக்குக் குறைந்தால் அதிக விழுக்காடு பெற்றுத் தோற்றவர்கள் தொகுதியில்லா உறுப்பினராகலாம். 2025இல் பாட்டாளிக் கட்சி 10 இடங்களில் வென்றதால் இருவர் அப்படி உள்ளே போனார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. "சீட்டுல நம்பர் இருக்கே, யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்ற பேச்சு காப்பிக்கடைகளில் இன்னும் ஓயவில்லை. அந்த அச்சத்தோடு போடும் வாக்கு வேட்பாளரை எடைபோடாது. எண் இருப்பது போலிச் சீட்டைத் தடுக்கவும், கொடுத்த சீட்டும் பெட்டியில் விழுந்த சீட்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவும்தான். வாக்குகளை எண்ணி முடித்ததும் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு முத்திரை வைப்பார்கள். வேட்பாளர்களின் முகவர்களும் விரும்பினால் தங்கள் முத்திரையை வைக்கலாம். பெட்டிகள் உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறக்க முடியாது. ஆறு மாதம் முடிந்ததும் அத்தனை சீட்டையும் எரித்துவிடுவார்கள்.